ரத்தம் காட்டாத வண்டி

பேட்டரியைக் கழற்றிக் கீழே வைத்த பிறகும் இடது விளக்கின் இழை சிவந்திருந்தது.

சப்ரி கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தார். சூயஸ் நகரத்தில் இருபத்தெட்டு வருடமாகக் கார்களுக்கு வயரிங் செய்கிறவர். பேட்டரி இல்லாமல் விளக்கு எரியாது என்று அவருக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. வெளியே பாலைவனக் காற்று காலையிலிருந்து மண்ணை வாரி இறைத்துக்கொண்டிருந்தது. பகல் இரண்டு மணிக்கே கடைக்குள் மஞ்சள் இருட்டு. பாதி இறக்கிய ஷட்டர் படபடவென்று அடித்துக்கொள்ள, கருகிய ரப்பர் வாடையோடு பச்சைக் கறி வாடையும் அந்த ஐம்பத்து நாலாம் வருடத்துக் கறுப்புக் காரின் முகப்பிலிருந்து வந்துகொண்டிருந்தது.

அன்று மாலை மகள் நஹ்லாவின் கல்யாண ஊர்வலம். பழைய கார்தான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள். முந்தின நாள் வாங்கிவிட்டார். வண்டி வாங்கியதும் ஆட்டை அறுத்து, ரத்தத்தில் கை நனைத்து வண்டிமேல் பதிப்பது ஊரில் எல்லோரும் செய்வது. சப்ரி தள்ளிப்போட்டார்.

பக்கத்துக் கறிக்கடை ஷஹாத்தா காலையிலேயே வம்புக்கு இழுத்தார். கைத்தொழில்காரர்களை அங்கே உஸ்தா என்றுதான் கூப்பிடுவார்கள். "ரத்தம் காட்டாம வண்டியில கை வைக்கிறியே உஸ்தா, உனக்கு என்ன துணிச்சல்!"

"லைட்டே எரியாத குருட்டு வண்டிக்கு எதுக்குய்யா ஆடு? மொதல்ல கண்ணு தெரியட்டும். அப்புறம் ஆட்டை ஓட்டிட்டு வா" என்றிருந்தார் சப்ரி.

இப்போது அதே விளக்கின் பின்னால் கையை விட்டார். பழைய வயரை இழுத்தார். துணி சுற்றிய வயர், ஈரமாக, வெதுவெதுப்பாக இருந்தது. கத்தியால் நறுக்கினார். வெட்டிய இடத்தில் சிவப்பாகக் கசிந்தது. விரலுக்குள் துடித்தது. நாடி. அவருடையது இல்லை. அதைவிட வேகம். யாரோ ஓடி வருகிறவரின் நாடி போல.

"வாப்பா! லைட் எரியுதா?"

ஷட்டருக்கு வெளியே நஹ்லா. மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள்.

"உள்ள வராதே! ஓடிப்போ கண்ணு!"

"ஐயே, ஒரு தடவை பாத்துட்டுப் போயிடறேன்." குனிந்து நுழைந்துவிட்டாள். விளக்குகளுக்கும் சுவருக்கும் நடுவில் நின்று, மருதாணிக் கையால் கண்ணை மறைத்துக்கொண்டு சிரித்தாள்.

இரண்டு விளக்கும் சிவந்தன.

சப்ரி கத்தியைத் தன் உள்ளங்கையில் இழுத்தார். போனட்டில் அறைந்தார். "இந்தா! என்னோடத எடுத்துக்கோ! அவள விட்டுடு!"

தகரம் உறிஞ்சியது. தடம்கூட மிஞ்சவில்லை.

போதவில்லை.

இஞ்சின் சத்தமே இல்லை. சக்கரம் உருண்டது. குறுக்கே பாய்ந்தார். பம்பர் முழங்காலை உடைத்துத் தள்ளியது. "வாப்பா!" சுவர். அவள் எலும்பு நொறுங்கியது. வண்டி பின்னால் வந்தது. மறுபடி சுவர். மறுபடி.

அப்புறம் நின்றது. இரண்டு விளக்கும் பளீரென்று வெள்ளையாக எரிந்தன.

ஷட்டர் மேலே போனது. ஷஹாத்தா. "அட, என்னை விட்டுட்டு அறுத்துட்டியா உஸ்தா?" என்று தரையில் ரத்தத்தைக் கண்டு கேட்டவர், தன் கையிலிருந்த கயிற்றைப் பார்த்தார். கயிற்றின் மறுமுனையில் ஆடு உயிரோடு நின்றது.

போனட்டில் இரண்டு சின்ன ரத்தக் கைத்தடங்கள். ஐந்து விரலும் தெளிவாக. அவர்கள் கண்முன்னே மூன்றாவது விழுந்தது. பிறகு நாலாவது. பதிக்க அங்கே யாரும் இல்லை. ஈரக் கைகள் ஒவ்வொன்றாக வண்டியின் பக்கவாட்டில் பதிந்துகொண்டே, மணமகள் ஏற வேண்டிய பின்கதவை நோக்கிப் போய்க்கொண்டிருந்தன.