ஒத்தவிரல் பிடித்த சுரம்

பேய் என்றால் நடுராத்திரிதான் வரும் என்று யார் கிளப்பிவிட்டதோ தெரியவில்லை. எனக்கு நேர்ந்தது காலை பதினொன்றேகால் மணிக்கு, டீ குடித்த வாய் உலர்வதற்குள். ஆனால் ரெக்கார்டிங் ஸ்டூடியோவுக்குள் காலை மாலை என்று எதுவும் கிடையாது. ஜன்னல் இல்லை. சுவர் முழுக்கக் கம்பளி. விளக்கை அணைத்தால் நம் மூச்சே பக்கத்தில் நிற்கிற ஆளின் மூச்சு போலக் கேட்கும். முப்பது வருடமாக அந்த இருட்டில்தான் ஒலிப்பதிவாளனாகக் குப்பை கொட்டுகிறேன்.

அன்று என்னைத் தேடி வந்தது ஒத்தவிரலின் அக்கா.

ஒத்தவிரல் ஆர்கன் என்கிற கீபோர்டு வாசித்தவன். பாட்டுக்காரர், கிதார்காரர், டிரம்ஸ்காரர், இவன் என்று நாலு பேர் கொண்ட குழு. ஆரம்பத்தில் ஓட்டல் ஒன்றில் வாசித்துக்கொண்டிருந்தார்கள். ஸ்பூன் கீழே விழுந்தால் திரும்பிப் பார்க்கிற கூட்டம் இவர்களைத் திரும்பிப் பார்க்காது. ஒருநாள் பாட்டின் நடுவில் கிதார் கம்பி அறுந்தது. கிதார்காரர் வேறு கம்பி மாட்டும்வரை இவன் இடது கையின் ஒரே விரலால் ஒரே சுரத்தைப் பிடித்துக்கொண்டே இருந்தான். வலது கையால் ஆர்கனின் ஒலியை மாற்றும் கட்டைகளை இழுத்தும் தள்ளியும் அந்த ஒற்றைச் சுரத்துக்கு நிறம் நிறமாக மாற்றினான். நாலு நிமிடம். ஒருவரும் சாப்பிடவில்லை.

அன்றிலிருந்து அவன் பெயர் ஒத்தவிரல், மூன்று நிமிடப் பாட்டெல்லாம் இருபது நிமிடம் ஆனது. பத்திரிகைகள் சைகடெலிக் ராக் என்று எழுதின, இளவட்டங்கள் கண்ணை மூடித் தலையை ஆட்டின. போஸ்டரில் பாட்டுக்காரரின் தலைமுடிதான் பாதி இடம். ஒத்தவிரலைத் தேடிக் கண்டுபிடிக்கப் பூதக்கண்ணாடி வேண்டும். ஆனால் குழுவுக்கு ஒரு வழக்கம் இருந்தது. பாட்டின் நடுவில் மற்ற மூவரும் மனம்போன போக்கில் அலையலாம். இவன் அந்த ஒரு சுரத்தைப் பிடித்திருப்பான். மூவரும் அதில் வந்து சேராமல் விரலை எடுக்கமாட்டான்.

"நீங்க எங்க வேணா போயிட்டு வாங்க. நான் பிடிச்சிட்டு இருக்கேன்" என்பான்.

அக்கா கன்ட்ரோல் ரூமில் உட்கார்ந்தாள். தம்பி செத்த இந்தப் பதினோரு வருடத்தில் தலை முழுக்க நரைத்திருந்தது.

"அந்தக் கடைசி ரெக்கார்டிங்க முழுசா ஒரு தடவை கேக்கணும் தம்பி."

"இப்ப எதுக்குக்கா?"

"அன்னிக்குக் காலைல நெஞ்சு ஒரு மாதிரி இருக்குன்னான். வாயுவா இருக்கும், கஷாயம் குடிச்சிட்டுப் போடான்னு நான்தான் அனுப்பி வச்சேன். நீங்க எல்லாரும் பக்கத்துல இருந்தும் ஒரு நொடியில போயிட்டான்னு சொன்னீங்க. அப்படின்னா அவனைக் கொன்னது நான்தானே. பதினோரு வருஷமா சரியா தூங்கல."

நான் டேப் அலமாரிப் பக்கம் திரும்பிக்கொண்டேன். ஏனென்றால் நாங்கள் பக்கத்தில் இல்லை.

நடந்தது இதுதான். அன்று இருபது நிமிடப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. நடுவில் மற்ற மூவரும் வாசிப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்துக் கண்ணடித்தார்கள். ஒத்தவிரல் கண்ணை மூடிச் சுரத்தைப் பிடித்திருந்தான். எவ்வளவு நேரம் பிடிக்கிறான் பார்ப்போம் என்று பூனைபோல வெளியே வந்தார்கள். விளையாட்டுதான். நானும் டேப்பை ஓடவிட்டு அவர்களோடு டீ குடிக்கப் போனேன். சிவப்பு விளக்கு எரிந்தால் அவர்கள் வாசிக்கும் ஹாலின் கதவுக் கைப்பிடியை வெளியிலிருந்து இறுக்கித் திருப்புவது என் கைப்பழக்கம், சத்தம் உள்ளே போகாமல் இருக்க. அப்படித் திருப்பினால் உள்ளேயிருந்து திறக்க முடியாது.

அரட்டையில் இருபத்தைந்து நிமிடம் போனதே தெரியவில்லை.

திரும்பி வந்து கதவைத் திறந்தபோது சுரம் ஒலித்துக்கொண்டுதான் இருந்தது. ஆர்கனின் கறுப்புக் கட்டைக்கும் வெள்ளைக் கட்டைக்கும் நடுவே ஒரு பென்சிலைச் செருகியிருந்தான், சுரம் அறுந்துவிடக் கூடாதென்று. அவன் கதவுக்கருகில் கிடந்தான்.

ஆர்கனிலிருந்து நேராக ஒயர் வழியே வந்த பதிவில் சுரம் மட்டும் சுத்தமாக இருந்தது. டிரம்ஸுக்கு வைத்த மைக்குகளில் வேறு சத்தங்களும் பதிந்திருந்தன. அன்று மாலையே அந்த டிராக்குகளில் அந்தப் பகுதியை என் கையாலேயே அழித்தேன். மிச்சத்தை இசைத்தட்டாக வெளியிட்டார்கள். மனிதக் கை இப்படி அசையாமல் பிடிக்குமா என்று ஊரே வியந்தது. குழு உச்சிக்குப் போனது அந்தப் பென்சிலால்தான்.

இதையெல்லாம் அவளிடம் எப்படிச் சொல்வது? மூலப் பதிவில் அந்தப் பகுதியில் சுரத்தைத் தவிர ஒன்றும் இல்லையே, கேட்டுவிட்டுப் போகட்டும் என்று ஹெட்போனைக் கொடுத்தேன். என் கோழைத்தனத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்மேலேயே அருவருப்பாக இருக்கிறது.

டேப் சுழன்றது. மூவரும் நிறுத்திய இடம் வந்ததும் ஒலி அளவைக் காட்டும் மற்ற முட்கள் விழுந்து, ஆர்கன் தடத்தின் முள் மட்டும் ஒரே இடத்தில் நின்றது. அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். பழைய டேப்பின் புளித்த வாடை அறையில் பரவியது.

அதிலிருந்து ஒன்பதாவது நிமிடத்தில் டிரம்ஸ் தடத்தின் முள் துள்ளியது.

நான் அழித்த தடம் அது.

மறுபடியும் துள்ளியது. மூன்று முறை, ஓர் இடைவெளி, மூன்று முறை. அந்தத் தடத்தின் ஒலியைக் குறைக்கும் பொத்தானைக் கீழே இறக்கப் போனேன். ஏற்கனவே கீழேதான் இருந்தது.

அக்காவின் உதடு அசைந்தது.

"ம்" என்றாள். பிறகு, "சொல்லுடா."

ஸ்பீக்கரில் எனக்குச் சுரம் மட்டுமே கேட்டது. அவள் யாருக்கோ தலையாட்டினாள். கன்னத்தில் கண்ணீர் வழிந்தது, அதைத் துடைக்கக்கூட இல்லை.

"சரிடா... சரி... கேக்கறேன்."

ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்தாள்.

"கதவத் தட்டிட்டே இருந்திருக்கான் தம்பி. யாரு பூட்டினதுன்னு மட்டும் சொல்ல மாட்டேங்கறான். உங்களையே கேக்கச் சொல்றான்."

அதற்குமேல் எனக்குத் தாங்கவில்லை. பென்சில், கைப்பிடி, டீக்கடை, அழித்த டிராக் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். "நீங்க கொல்லலக்கா. உடனே கதவு திறந்திருந்தா பிழைச்சிருப்பான். பூட்டினது நான்தான்" என்றேன். அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். அவள் நீளமாக ஒரு மூச்சு விட்டாள், அவ்வளவுதான். பதினோரு வருடமாக உள்ளேயே அடைத்து வைத்திருந்த மூச்சு அது.

"டேப்ப நிறுத்துங்க" என்றாள்.

நிறுத்தினேன்.

சுரம் நிற்கவில்லை.

கண்ணாடிக்கு அப்பால் ஹாலில் இருந்து வந்தது. அங்கே ஆர்கன் கிடையாது. அவன் போன மறுமாதமே அதை அக்கா வீட்டுக்கு அனுப்பிவிட்டோம். வெறும் தரை, மடக்கி வைத்த நாற்காலிகள், இருட்டு.

அக்கா எழுந்து போய் ஹால் கதவைத் திறந்தாள். சுரம் காலுக்கடியில் தரை வழியாக ஏறியது, பல்லில் தெரிந்தது. அவள் உள்ளே ஒரு நாற்காலியை விரித்து, ஆஸ்பத்திரியில் நோயாளிக்குத் துணை இருப்பவளைப் போல உட்கார்ந்துவிட்டாள். எனக்கு ஓடிவிட வேண்டும் போலிருந்தது. கதவருகிலேயே நின்றேன்.

கொஞ்ச நேரத்தில் வாசலில் டிரம்ஸ்காரர் நின்றார். நாங்கள் பார்த்து ஆறு வருடம் ஆகிறது. தலை ஈரம் சொட்டியது, காதோரம் சோப்பு நுரை.

"நீதான் கூப்பிட்டியா?" என்றார்.

"இல்லையே."

"குளிச்சிட்டு இருந்தேன். இது காதுல கேட்டுட்டே இருந்துச்சு." அதற்குமேல் எதுவும் பேசாமல் ஹாலுக்குள் போய், முன்பு தன் டிரம்ஸ் இருந்த மூலையில் நின்றார்.

பாட்டுக்காரர் கார் சாவியைக் கையில் பிடித்தபடி வந்தார். முகம் வெளுத்திருந்தது. அக்காவைப் பார்த்ததும் அவள் காலருகே அப்படியே தரையில் உட்கார்ந்து, "மன்னிச்சிருங்க" என்றார். நானும் போய் அவர் பக்கத்தில் நின்றேன். இனி நின்றுவிடும் என்று நாங்கள் மூவரும் காத்திருந்தோம்.

சுரம் அப்படியே இருந்தது.

கிதார்காரரைப் போன மழைக்காலத்தில்தான் அடக்கம் செய்திருந்தார்கள்.

டிரம்ஸ்காரர் என் கையைப் பிடித்தார். "கதவ மூடுடா" என்றார் மெல்ல. நான் கதவருகே போனேன்.

"திறந்தே இருக்கட்டும் தம்பி" என்றாள் அக்கா. "இன்னும் ஒருத்தர் வரணும்ல."

வராந்தாவின் கடைசியில், அந்தச் சுரத்துக்கு யாரோ ஒரு கிதாரை மெல்லச் சுருதி சேர்த்துக்கொண்டிருந்தார்கள்.