குருசடி எண்ணெய்

சிலுவையில் இருந்தவருக்கு அன்று மூக்கு இருந்தது.

கிருபாராணி எண்ணெய்ப் பாட்டிலை மூட மறந்து நின்றாள். டப்ளினில் அவர்கள் போகும் கோயிலின் கல்லறைத் தோட்டத்தில் நிற்கும் அந்தக் கற்சிலுவை, இங்கிலாந்தின் ஏதோ ஒரு கிராமத்திலிருந்து கப்பலில் வந்தது. பல நூறு வருட மழையில் கரைந்து, அதில் செதுக்கிய உருவத்தின் முகம் தேய்ந்த சோப்புக்கட்டி போல வழவழவென்று ஆகியிருந்தது. முகம் இல்லாததால்தான் அதன்மேல் அவளுக்கு இரக்கம் வந்தது. ஊரில் வழியோரச் சிலுவைக் கோயிலான குருசடியில் செய்வதுபோல, கல்லில் தேங்காய் எண்ணெய் ஊற்றி, வழிந்ததைத் தொட்டு, நான்கு வயது மகன் ஜெரிஷின் நெற்றியில் பூசத் தொடங்கியிருந்தாள். டேகேரிலிருந்து திரும்பும் வழியில், தினமும். எந்த மருந்துக்கும் அடங்காத அவனுடைய வலிப்பு நின்றுபோயிருந்தது.

"ரெண்டு நியூராலஜிஸ்ட் பண்ணாததை உன் எண்ணெய் பண்ணிடுச்சு," என்றான் கணவன் ஆட்ரியன். "ஃபாதர் பார்த்தா மட்டும் எனக்கு உன்னைத் தெரியாதுன்னுடுவேன்."

அடுத்த வாரம் கல்லுக்கு இமைகள் வந்தன. ஈரப் பாசியின் வாசனைக்கு அடியில், தூங்கி எழுந்த குழந்தையின் தலையில் வருமே, அந்த இளஞ்சூட்டு வாசனை. பக்கத்து நெடுஞ்சாலையின் இரைச்சல் அங்கே மட்டும் கேட்கவில்லை.

"ஜெரிஷுக்குப் புருவம் குறைஞ்சிருக்குல்ல?" என்று ஆட்ரியனிடம் கேட்டாள்.

"முதல்ல உன் புருவத்தைப் பாரு. உன் ஜாடைதானே வரும்."

அவள் சிலுவையிடம் போவதை நிறுத்தினாள். மூன்றாம் நாள், சாப்பிட்டுக்கொண்டிருந்த ஜெரிஷின் உடல் விறைத்தது. உதடு நீலமானது. ஆஸ்பத்திரி நடைவழியில் ஆட்ரியன் "ஏன் நிறுத்தின?" என்று மட்டும் கேட்டான்.

வீடு திரும்பிய மறுநாள் மாலை மறுபடியும் போனாள். முகம் எப்படிப் போனாலும் அவனுக்கு மூச்சு இருக்கட்டும், அது போதும் என்று நினைத்துக்கொண்டாள். கல்லை நிமிர்ந்து பார்க்காமல் எண்ணெய் ஊற்றினாள். வழக்கமாகக் குளிர்ந்திருக்கும் கல். இன்று வெதுவெதுப்பு.

"மம்மி, ஹி லுக்ஸ் லைக் மீ," என்றான் ஜெரிஷ்.

அவள் பார்க்கவில்லை. மண்டியிட்டாள். கண்களை மூடிக்கொண்டாள். விரலால் அவன் நெற்றியைத் தொட்டாள். எண்ணெய் வழுக்கியது. விரல் இறங்கியது.

புருவம் தட்டவில்லை.

மூக்கு தட்டவில்லை.

தாடை வரை விரல் எங்கும் நிற்காமல் இறங்கியது. வழவழப்பு. சில்லென்று.

தலைக்கு மேலே, கல்லிலிருந்து, யாரோ மூச்சை உள்ளே இழுத்தார்கள்.

"மம்மி?"