நாலாம் பாட்டின் ஒற்றை அடி

"தம்பி, நீங்க மேசையைத் தட்டாம இருந்தீங்கன்னா எனக்கு இன்னும் கொஞ்சம் நல்லாக் கேக்கும்" என்றார், கண்ணாடிக் கூண்டுக்குள் காதில் ஹெட்போன் மாட்டி உட்கார்ந்திருந்த முதியவர்.

அவன் தன் கையைப் பார்த்தான். வலக்கை சோதனைக் கருவியின் பக்கத்தில் மேசை மேல் சும்மா கிடந்தது. காது கேட்கும் கருவிகள் விற்கும் அந்தக் கடையில் ஆறு வருடமாகச் செவி சோதிப்பவன் அவன். கூண்டுக்குள் வெளிச்சத்தம் ஈ அளவுக்குக்கூட நுழையாது என்பது அவனுக்குத் தெரியும். அதிலும் இந்த முதியவரின் இடது காது தாழ்ப்பாள் போட்ட கதவு. வலது காது பாதி சாத்திய கதவு.

"நான் தட்டலையே ஐயா" என்றான் மைக்கில்.

"காதுல கேக்கலை தம்பி. மரத்து வழியா வந்து முழங்கையில விழுது. நாப்பது வருஷம் பஸ் ஸ்டாண்டுல டைம்கீப்பரா இருந்தவன் நான், என்கிட்ட நேரம் தப்பாது. ஒரு தட்டு. அப்புறம் நாலு நிமிஷம் பன்னெண்டு செகண்டு கழிச்சு இன்னொரு தட்டு. அந்தக் கணக்குக்கு எந்த ஊர் பஸ்ஸும் கிடையாது." சொல்லிவிட்டு அவரே சிரித்தார்.

அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. நாலு நிமிடம் பன்னிரண்டு விநாடி என்பது என்னவென்று அவனுக்குத் தெரியும். 'எலும்புக் கணிதம்' என்ற, அவர்கள் இசைக்குழுவின் முதல் ஆல்பத்தில் நாலாம் பாட்டின் நீளம் அது. அவன் கிதார் வாசித்து, அவனே பதிவு செய்து, அவன் தம்பி டிரம்ஸ் வாசித்த ஆல்பம். காலையிலிருந்து ஆள்காட்டி விரல் நுனி ஏன் வலிக்கிறது என்று அப்போதுதான் பார்த்தான். நகத்துக்கு அடியில் ரத்தம் கட்டி நாவல்பழ நிறமாக இருந்தது. கையைக் காற்சட்டைப் பைக்குள் சொருகிக்கொண்டான். மிச்சச் சோதனையை இடக்கையால் முடித்தான்.

வீட்டுக்கு நடக்கும் வழியில் போன் அடித்தது. குழுவின் பாடகன். பகலில் மருந்துக்கடையில் நின்று "சாப்பாட்டுக்கு அப்புறம் போடுங்கம்மா" என்று பூப்போலப் பேசுகிறவன். மேடையில் ஏறினால் கிணற்றுக்குள் விழுந்த காளை மாதிரி உறுமுவான். அவர்கள் வாசிக்கும் டெக்னிக்கல் டெத் மெட்டல் இசை என்றால் அப்படித்தான்: கேட்பவர்களுக்கு மலை சரிவது போலிருக்கும், வாசிப்பவர்களுக்கோ ஒவ்வொரு கல்லும் எண்ணி வைத்த கணக்கு.

"உன் தம்பி நேத்து ராத்திரி வீடியோ அனுப்பினான், பாத்தியா? மூஞ்சியைக் காட்டலை, கை மட்டும்தான். நாலாம் பாட்டுடா. ரெகார்டுல இருக்கிறதைவிடச் சுத்தமா இருக்கு."

"அந்த இடத்தை... மூணாவது நிமிஷத்துல, அந்த நடு அடியை அடிச்சானா?"

"அதை மட்டும் அடிக்கலை. அவனுக்கு என்ன மூணு கையா இருக்கு? விடு. இன்னும் பத்து நாள்தான் மேடைக்கு. அவனைக் கொஞ்சம் தூங்கச் சொல்லு. மாத்திரை வேணும்னா நான் தர்றேன், உனக்கு மட்டும் விலையில கழிவு கிடையாது."

போனை வைத்த பிறகும் அவன் நின்ற இடத்திலேயே நின்றான்.

நடந்தது இதுதான். பதிவின்போது தம்பி வாசித்தது நிமிடத்துக்கு இருநூற்றுப் பத்துத் தாளத் துடிப்பு. நல்ல வாசிப்பு, உயிருள்ள வாசிப்பு. ஆனால் முதல் ஆல்பம், மற்றவர்களெல்லாம் பறக்கிறார்கள், இது நடக்கிறதே என்று அவனுக்குத் தோன்றிவிட்டது. யாரிடமும் சொல்லாமல் பதினொரு நாள் கணினிமுன் உட்கார்ந்தான். திரையில் தம்பியின் ஒவ்வோர் அடியும் ஒரு முள்போலத் தெரியும். முள்ளுக்கு முன்னால் ஒரு வெட்டு, பின்னால் ஒரு வெட்டு, இழுத்துக் கொண்டுபோய்க் கோட்டின் மேல் வைப்பது, அடுத்த முள். அப்படி ஆயிரக்கணக்கான அடிகளைத் தம்பியின் கையிலிருந்து பிரித்தெடுத்து, வரிசை கட்டி, வேகத்தை இருநூற்று அறுபதுக்கு ஏற்றினான். எட்டாம் நாள் கண் சொருகும் நேரத்தில் நாலாம் பாட்டில் ஓர் அடி தவறான இடத்தில் ஒட்டிக்கொண்டது. இரண்டு கையும் இரண்டு ஓரத்து வெண்கலத் தட்டுகளில் இருக்கும் அதே கணத்தில், நடு டிரம்மில் ஓர் அடி. மூன்றாவது கை இருந்தால்தான் அடிக்க முடியும். ஆல்பம் வெளிவந்த பிறகுதான் கவனித்தான். ஒற்றை அடிதானே, யார் கவனிக்கப் போகிறார்கள் என்று விட்டுவிட்டான்.

முதன்முதலாகக் கேட்ட அன்று தம்பி ஹெட்போனைக் கழற்றவில்லை. கண் தளும்பியது. "அண்ணா, இது நானா வாசிச்சேன்?" என்று கேட்டான்.

"வேற யாரு?"

இரண்டே சொல். அன்றே உண்மையைச் சொல்லியிருந்தால் ஒரு திட்டோடு போயிருக்கும். அடுத்த மாதம் சொல்லியிருந்தால் ஒரு சண்டையோடு போயிருக்கும். அதற்குள் இணையத்தில் எவனோ ஒருவன் "இதை மனிதன் வாசிக்க முடியாது, கணினி வேலை" என்று எழுதிவிட்டான். தம்பிக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. மேடையில் வாசித்துக் காட்டுகிறேன் என்று மாடியறைக்குள், டிரம்ஸுக்குப் பதில் பழகும் ரப்பர்த் தட்டுகளோடு புகுந்தவன்தான். மூன்று மாதமாயிற்று. ஒருமுறை வாசித்ததை மறுபடி வாசிக்க முடியாதா என்ன?

ஒரு நாள் மணிக்கட்டில் துணி சுற்றிக்கொண்டு இறங்கி வந்தான். "அண்ணா, ரெக்கார்டிங் அன்னைக்கு நான் என்ன சாப்பிட்டேன்? ஞாபகம் இருக்கா? கை எப்படி அவ்வளவு லேசா இருந்துச்சு? அதோட அந்த நடு அடி... ரெண்டு கையும் ரெண்டு ஓரத்துல இருக்கே, எப்படி அடிச்சேன்?"

உண்மையைச் சொல்லக் கதவு திறந்து கிடந்த நேரம் அது. அவன் நுழையவில்லை. "அன்னைக்கு யோசிக்காம அடிச்சே. யோசிச்சா வராது" என்றான்.

தம்பி அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டு மாடியேறினான். போன வாரம் சொன்னான்: "நீ சொன்னது சரிதான்ணா. நான் வாசிக்கிறப்போதான் தப்பு வருது. கையை விட்டுட்டா அதுவே போகுது." சொல்லும்போது அவன் கைகள் தொடைமேல் துடித்துக்கொண்டிருந்தன. தம்பி அவற்றைப் பார்க்கவில்லை.

இன்று சொல்லிவிட வேண்டும். திட்டினாலும், அடித்தாலும், இனிமேல் முகத்திலேயே விழிக்காவிட்டாலும் சொல்லிவிட வேண்டும். அந்த முடிவோடுதான் கேட்டைத் திறந்தான்.

கூடத்தில் அம்மா தையல் இயந்திரத்தில் யாருடைய காற்சட்டைக்கோ இடுப்பைப் பிடித்துக்கொண்டிருந்தாள். மண்ணெண்ணெய் மாதிரி இயந்திர எண்ணெயின் வாடை, மாவுபோலப் பறக்கும் துணித்தூசி, சன்னல் வழியே சரிந்து சுவரில் பழுத்துக்கிடந்த அந்தி வெயில், இவை எல்லாவற்றுக்கும் மேலே, கூரையிலிருந்து மழை இறங்குவதுபோல, குச்சிகள் ரப்பரில் விழும் அந்தச் சத்தம். மூன்று மாதமாகப் பழகிய சத்தம்தான். ஆனால் அதில் ஏதோ குறைந்தது. செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்று கேட்டான். என்ன குறைகிறது என்று பிடிபட்டதும் பிடரி முடி எழுந்தது.

தப்பு குறைந்தது. எப்போதும் இடக்கை ஓர் இடத்தில் பின்தங்கும். குச்சி நழுவித் தரையில் உருளும். ஒரு கெட்ட வார்த்தை கேட்கும், ஒரு பெருமூச்சு, பிறகு முதலிலிருந்து தொடங்கும். இன்று வார்த்தை இல்லை. மூச்சு இல்லை. மழை மட்டும்.

"சின்னவன் சாப்பிட்டானாம்மா?"

"காலையிலேர்ந்து இறங்கலைடா பெரியவனே. டீயைக் கதவுகிட்ட வச்சேன், ஆடை கட்டி அப்படியே இருக்கு. மத்தியானம் தட்டையும் வச்சேன். எடுக்கலை."

"கதவைத் திறந்து பாக்கலையா?"

"எதுக்கு? நடுவுல போனா வள்ளுனு விழறான். அதான் சத்தம் கேக்குதே, அப்புறம் என்ன பயம்?" அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "உனக்குத்தான் பெருமை. தம்பியை ஆளாக்கிட்டே."

அந்தச் சொல் அவன் நெஞ்சில் போய் ஊசியாய் இறங்கியது.

மேசைமேல் இருந்த கணினியைத் திறந்தான். நாலாம் பாட்டை எடுத்து, சத்தத்தைக் குறைத்து, மேலே பாட்டு எந்த இடத்தில் ஓடுகிறது என்று காதால் தேடி, அதே இடத்தில் ஓடவிட்டான். இரண்டும் ஒன்றாயின. கூரையும் கணினியும். தள்ளிப்போகவில்லை. முந்தவில்லை. அவன் வெட்டி ஒட்டிய ஒவ்வொரு கோட்டின் மேலும் மேலே இருந்து ஓர் அடி விழுந்தது. மனிதன் எவ்வளவு தேர்ந்தாலும் மயிரிழை விலகுவான். காதைச் சோதிப்பவனுக்கு அந்த மயிரிழை கேட்கும். இங்கே மயிரிழை இல்லை.

மூன்றாவது நிமிடம் வந்தது. இரண்டு ஓரத்து அடிகளும் ஒன்றாக விழுந்தன.

டொக்.

நடு அடி. யாராலும் முடியாத அடி. ஆனால் அது மாடியிலிருந்து வந்ததாகத் தோன்றவில்லை. பக்கத்தில் கேட்டது. கைக்கெட்டும் தூரத்தில். விரல் நுனி சுரீரென்று வலித்தது.

"மேசையைத் தட்டாதடா, ஊசி ஆடுது" என்றாள் அம்மா, நிமிராமல்.

அவன் படியேறினான். பதினான்கு படி. ஒவ்வொரு படியிலும் ஒரு வாக்கியத்தை அடுக்கிக்கொண்டு போனான். 'தம்பி, நான் ஒரு தப்புப் பண்ணிட்டேன்.' ஐந்தாம் படி. 'நீ வாசிச்சது நல்லாத்தான் இருந்துச்சு.' ஒன்பதாம் படி. 'நான்தான் மாத்தினேன்.' கதவருகே ஆடை கட்டிய டீ, அதிலே ஓர் எறும்பு வரிசை, மூடிய தட்டு. கதவிடுக்கில் சூடான ரப்பரின் நாற்றம். வியர்வை. வியர்வைக்கு அடியில் வேறொன்று, மூடிவைத்த பூச்சாடித் தண்ணீர்போல.

"தம்பி."

மழை நிற்கவில்லை.

கதவைத் தள்ளினான். சுவரெல்லாம் பழைய மெத்தைப் பஞ்சு, சன்னலிலும் அதுவே. மேசை விளக்கு ஒன்று தரையைப் பார்த்து எரிந்தது. அந்த வெளிச்சத்தில் முதலில் தெரிந்தவை பாதங்கள். இரண்டு பெடல்களில் குதிகால்கள் துடித்தன. பிறகு கைகள். வேகத்தில் அவை கைகளாகத் தெரியவில்லை, புகையாகத் தெரிந்தன. மணிக்கட்டுத் துணி காய்ந்து பழுப்பாகியிருந்தது.

தலை மார்பில் தொங்கியது.

"டேய் தம்பி. போதும்டா."

பக்கத்தில் போனான். குனிந்து முகத்தைப் பார்த்தான். கண் திறந்திருந்தது. உதடு வெடித்திருந்தது. ஓர் ஈ கன்னத்தில் நடந்தது. கண்ணின் வெள்ளையில் ஏறியது. நின்றது.

இமை அசையவில்லை.

கழுத்தில் கை வைத்தான். சில்லிட்டிருந்தது. தோள் விறைத்திருந்தது. எத்தனையோ மணி நேரமாக.

முழங்கைக்குக் கீழே சூடு. காய்ச்சல்காரன் சூடு. கைகள் ஓடின.

"நீ வாசிக்கலைடா" என்றான். "இருநூத்துப் பத்துதான் நீ வாசிச்சே. மிச்சமெல்லாம் நான் வெட்டி ஒட்டினது. அந்த நடு அடியும் நான்தான். என் கைத்தப்பு. நீ நிறுத்துடா. நீ நிறுத்து."

சொல்லியாயிற்று. கேட்க வேண்டிய காது இல்லை. கைகளுக்குக் காது இல்லை.

மூன்றாவது நிமிடம். இடக்குச்சி இடது ஓரத்துக்குப் போனது. வலக்குச்சி வலது ஓரத்துக்கு. நடுத்தட்டு காலியாக இருந்தது.

டொக்.

குனிந்து பார்த்தான். நடுத்தட்டின் மேல் ஒரு விரல். நாவல்பழ நிற நகம். அது அவன் வலக்கை. அங்கே நீட்டிய நினைவு அவனுக்கு இல்லை. இழுத்தான். தோள் வந்தது. கை வரவில்லை. இடக்கையால் அதைப் பிடித்து இழுத்தான். அது அவனுடையது மாதிரி இல்லை. சூடாக இருந்தது.

கீழே தையல் இயந்திரம் நின்றது. படியில் செருப்புச் சத்தம்.

"அண்ணனும் தம்பியுமா சேர்ந்து வாசிக்கிறீங்க?" அம்மாவின் குரலில் சிரிப்பு. "எத்தனை நாளாச்சு இப்படிக் கேட்டு. இருங்க, நானும் வர்றேன்."

பத்தாம் படி. பதினோராம் படி.

பாட்டு முடிந்து, இடைவெளியே இல்லாமல், முதலிலிருந்து தொடங்கியது. விளக்கு வெளிச்சத்தில் மூன்று கைகள். இரண்டு ஓடின. நடுவில் இருந்த ஒன்று, விரலைச் சற்றே உயர்த்தி, தன் முறைக்காகக் காத்திருந்தது.