சித்தப்பாவின் சண்டை

சித்தப்பாவின் கோபத்துக்கு விலை நூறு.

கடைக்குப் பயணப் பெட்டி வாங்க வருபவர் பேரம் பேசுவார். அப்பா கூரையைப் பார்ப்பார், பெருமூச்சு விடுவார், கடைசியில் ஒரு நூறைக் குறைப்பார். அந்த நொடியில் உள்ளறைத் திரை விலகும். சித்தப்பா பாய்ந்து வருவார்.

"அண்ணே! இந்த விலைக்கா குடுக்கறே? நாளைக்கு நாம சோத்துக்கு என்ன பண்றது?"

"விடுடா தம்பி, நல்ல மனுஷனாத் தெரியறாரு."

"நல்ல மனுஷனா இருந்தா வீட்டுக்குக் கூப்பிட்டு விருந்து போடு! பெட்டியைத் தூக்கிக் குடுக்காதே! இது என்ன சாதாரணப் பெட்டியா?"

சொல்லிக்கொண்டே பெட்டியைப் படுக்கவைத்து அதன் மேல் ஏறி நின்றுவிடுவார். பெட்டி முனகக்கூட முனகாது. அவர் இறங்குவதற்குள், வந்தவர் அவசரமாகப் பணத்தை நீட்டிவிடுவார். குறைத்தது நூறுதான். சித்தப்பா போட்ட சத்தத்தில் அது ஆயிரமாகத் தெரியும். எல்லோருக்கும் சந்தோஷம்.

வீட்டில் சித்தப்பா வேறு ஆள். காபி ஆறிப்போயிருந்தாலும் வாய் திறக்காமல் குடிப்பார். முடி வெட்டுபவர் கன்னாபின்னாவென்று வெட்டிவிட்டாலும், "நல்லாருக்கு" என்று சொல்லிவிட்டு, முடி வளரும்வரை தொப்பியோடு திரிவார்.

அப்பாவின் இளைய மகளுக்குப் பதினொரு வயது. எந்நேரமும் கலகலவென்று பேசுவதால் அவளை எல்லோரும் 'சில்லறை' என்றுதான் கூப்பிடுவார்கள். அவளுக்கு ஒரு வலைப்பூ இருந்தது. அக்கா கணினியில் தொடங்கிக் கொடுத்தது.

வாயைத் திறந்தால் கொட்டும் சில்லறை, எழுத உட்கார்ந்தால் மட்டும் கல்லாப்பெட்டி போலப் பூட்டிக்கொள்வாள். 'என் பென்சில்' என்று ஒரு பதிவு. 'மழை பெய்தது' என்று இன்னொன்று. மூன்றாவதின் தலைப்பு 'எழுத ஒன்றுமில்லை'. உள்ளேயும் ஒன்றுமில்லை.

"யாருமே படிக்கலக்கா."

"நான் படிச்சேனே."

"நீ அக்கா. உனக்கு வேற வழியில்ல."

"பென்சிலப் பத்தி எழுதினா பென்சில்தான் படிக்கும். உனக்கு மட்டும் தெரிஞ்சது ஏதாவது இருக்கும்ல? அதை எழுது."

அவளுக்கு மட்டும் தெரிந்தது! சில்லறையின் விரல்கள் ஓடத் தொடங்கின. தலைப்பு, 'எங்கள் கடையின் சண்டைக்காட்சி'. திரை எப்போது விலகும், சித்தப்பா என்ன சொல்வார், எப்போது ஏறுவார், ஒன்றையும் விடவில்லை. கடைசியில் சிரிப்புக்காக ஒரு வரி சேர்த்தாள்: 'கடையில் புலியான இவர், வீட்டில் ஆறின காபிக்கே பயப்படுவார்.'

மறுநாள் வகுப்பே படித்தது. பிள்ளைகள் அம்மா அப்பாவுக்குக் காட்டினார்கள். அவர்கள் கைப்பேசியில் தெருவுக்கே அனுப்பினார்கள். கருத்துகள் வந்து குவிந்தன. சாப்பிடும்போதும் சில்லறை கணினித் திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. சித்தப்பாவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லையே என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

சனிக்கிழமை அவள் கடையில் இருந்தாள். பாட்டு டீச்சர் ஒருவர் நீலப் பெட்டி ஒன்றுக்குப் பேரம் பேசினார். அப்பா நூறைக் குறைத்தார். திரை விலகியது.

"அண்ணே! இந்த விலைக்கா குடுக்கறே?"

டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "ஐயோ, அந்தச் சண்டை! போன்ல படிச்சேன் சார். அடுத்து பெட்டி மேல ஏறுவீங்க, இல்ல? இருங்க, வீடியோ எடுத்துக்கறேன்."

சித்தப்பாவின் ஒரு கால் பெட்டியின் மேல் இருந்தது. அவர் அதை மெதுவாகக் கீழே இறக்கினார்.

"எடுத்துக்கோங்கம்மா. நல்ல பெட்டி" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

அதற்குப் பிறகு அவர் வெளியே வரவில்லை. உள்ளறையில் உட்கார்ந்து பழுதான ஜிப்புகளைச் சரிசெய்தார். வருபவர்கள், "சண்டை எப்போ?" என்று கேட்டார்கள். அப்பா, "அவனுக்குத் தொண்டை கட்டியிருக்கு" என்று சொல்லிச் சமாளித்தார்.

சில்லறை அன்றே பதிவை அழித்தாள். தயங்கித் தயங்கி உள்ளறைக்குப் போனாள்.

"அதை அழிச்சுட்டேன் சித்தப்பா."

"ஏம்மா? நல்லாத்தானே எழுதியிருந்தே."

"படிச்சீங்களா?"

"வாங்க வந்தவர் ஒருத்தர் படிச்சுக் காட்டினார். கடைசி வரிக்கு ரொம்பச் சிரிச்சார்."

குறட்டில் மாட்டிய ஜிப் நகரவில்லை. சித்தப்பா அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கோபமா சித்தப்பா?"

"எனக்கு எங்கம்மா கோபம் வருது? அதான் எழுதிட்டியே."

"மன்னிச்சிடுங்க சித்தப்பா."

"சரிம்மா. நல்லாருக்கு."

முடி வெட்டுபவரிடம் சொல்கிற அதே 'நல்லாருக்கு'. திட்டியிருந்தால்கூடத் தேவலை.

அடுத்த வாரம் டாக்ஸி ஓட்டுபவர் ஒருவர் வந்தார். பதிவைப் படிக்காத புது ஆள். பேரம் நடந்தது. அப்பா நூறைக் குறைத்தார். பழக்கத்தில் திரையைத் திரும்பிப் பார்த்தார். திரை அசையவில்லை. அப்பா மறுபடி கூரையைப் பார்த்தார்.

அதைச் சில்லறையால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. பெட்டி அடுக்குக்குப் பின்னாலிருந்து குதித்தாள்.

"அப்பா! இந்த விலைக்கா குடுக்கறீங்க? நாளைக்கு நாம..."

குரல் கீச்சென்று உடைந்தது. வால் மிதிபட்ட பூனை தோற்றது. விட்டுவிடலாமா? பெட்டி மேல் ஏறினாள். அது நின்றுகொண்டிருந்த பெட்டி. அடியில் சக்கரம். பெட்டி ஒரு பக்கம் ஓட, சில்லறை மறுபக்கம் உருண்டாள்.

"அடி பட்டுச்சா பாப்பா?" என்று டாக்ஸிக்காரர் ஓடி வந்து தூக்கினார். அப்பா பதற்றத்தில் கல்லாவைப் பூட்டினார்.

"படுக்கவெச்சு ஏறணும்" என்றது ஒரு குரல்.

திரைக்கு வெளியே சித்தப்பாவின் தலை மட்டும் தெரிந்தது.

"சக்கரம் கீழ இருந்தா ஓடத்தானே செய்யும்? அப்புறம், சத்தம் தொண்டையிலேருந்து வரக்கூடாது. வயித்துலேருந்து வரணும்."

"செஞ்சு காட்டுங்க சித்தப்பா!"

சித்தப்பா டாக்ஸிக்காரரைப் பார்த்தார். பெட்டியைப் பார்த்தார்.

"இன்னிக்கு வேணாம்" என்றார். திரை மூடிக்கொண்டது.

சில்லறை முழங்காலைத் தேய்த்துக்கொண்டாள். முடியாது என்று அவர் சொல்லவில்லை. இன்றைக்கு வேண்டாம் என்றுதான் சொன்னார்.

சாயங்காலம் புதுப் பதிவு ஒன்று எழுதினாள். 'நான் பெட்டியிலிருந்து விழுந்த கதை.' இந்த முறை சிரிப்புக்கு ஆள் தேட வேண்டியிருக்கவில்லை. ஆள் அவளேதான். வெளியிடும் பொத்தானுக்குப் பக்கத்தில் போன விரலை இழுத்துக்கொண்டு, உள்ளறைக்குப் போய்ப் படித்துக் காட்டினாள்.

சித்தப்பா குறட்டைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். தன் குரலை அவள் பூனையோடு ஒப்பிட்டிருந்த இடத்தில் அவர் உதடு ஒரு பக்கம் மட்டும் கோணியது.

"என்னைத் திரைக்குள்ளயே விட்டுடு. பேரெல்லாம் வேணாம்."

"சரி சித்தப்பா."

"'அப்பா பயந்து போய்க் கல்லாவைப் பூட்டினார்'னு எழுதியிருக்கே. அவர்கிட்ட கேட்டியா?"

கேட்கவில்லை. ஓடிப்போய்க் கேட்டாள்.

"மகள் விழுந்தப்போ கல்லாவைப் பூட்டினேன்னு ஊருக்கே சொல்லப்போறியா? வெட்டு அதை!" என்றார் அப்பா. நல்ல வரி அது. பெருமூச்சு விட்டு வெட்டினாள்.

படுக்கப் போகும்முன் சில்லறை கணக்குப் பார்த்தாள். புதுப் பதிவைப் படித்தவர்கள், அக்காவையும் சேர்த்து, ஒன்பது பேர். வெட்டிய வரி, ஒன்று. சித்தப்பாவின் சிரிப்பு, பாதி. அவருடைய சண்டை இன்னும் வரவில்லை. அது சில்லறையின் பேரில் பாக்கி.