ஐம்பதாவது மீட்டரின் மஞ்சள்

அந்த ஞாயிற்றுக்கிழமை பாய்ப்படகில் போனவர்கள் ஐந்து பேர்: சங்கிலிக் கடைக்காரர், அவர் மகள், மருமகன், மகன், ஊசிக்காரர் என்று எல்லோரும் கூப்பிடும் பாய் தைப்பவர். ஆறாவதாக யாரோ படகில் ஒளிந்திருந்தான் என்று பிறகு ஒரு பேச்சு கிளம்பியது. அப்படி யாரும் இல்லை.

நடந்து திரும்பியவர்கள் நால்வர். மருமகனை மாலை 4.10 மணிக்குப் பாறைகளுக்கு நடுவிலிருந்து எடுத்தார்கள். முன்பகுதி நொறுங்கிய படகு அவர்மேல் சாய்ந்து கிடந்தது.

நால்வரும் கரையில் நின்று அதைப் பார்த்தவர்கள். மூன்று மணிக்குக் காற்று சட்டென்று திரும்பியது. நங்கூரத்தில் நிற்க வேண்டிய படகு முகத்தைத் திருப்பிக்கொண்டு பாறைகளை நோக்கி நகர்ந்தது. மகள் கத்திய கத்தல் கடலைத் தாண்டிப் போகவில்லை. மாத்திரை போட்டுக்கொண்டு படகிலேயே தூங்கிய மருமகன் கடைசிவரை மேல்தளத்துக்கு வரவில்லை.

இருட்டுவதற்குள் துறைமுகம் முழுக்க ஒரே பேச்சு. கடைக்காரர் சொந்த மருமகன் படகுக்கே மட்டமான சங்கிலியைப் போட்டுவிட்டார், அது அறுந்துவிட்டது.

திங்கட்கிழமை காலை 10.20. பெண் இன்ஸ்பெக்டர் கடைக்குள் நுழைந்தபோது கடைக்காரர் நிமிர்ந்துதான் உட்கார்ந்திருந்தார். ஒரு கை மட்டும் மேஜையின் இழுப்பறையை அழுத்திப் பிடித்திருந்தது. நாற்பது ஆண்டுகளாக அந்தக் கடையில் ஒரு சங்கிலிகூடத் திரும்பி வந்ததில்லை. ஆனால் அவர் பயம் சங்கிலியைப் பற்றியது அல்ல. மேஜையின் இழுப்பறையில் ஒரு சட்டை இருந்தது. காலையில் துவைக்கப் போட்ட துணிகளுக்குள் மகனின் சட்டையில் மஞ்சளாக எதையோ கண்டு, விரித்துப் பார்க்கவும் துணியாமல் சுருட்டி எடுத்து வந்துவிட்டார்.

மகள் சங்கிலிச் சுருள் ஒன்றின்மேல் உட்கார்ந்திருந்தாள். நேற்றிலிருந்து அப்பாவின் முகத்தை அவள் பார்க்கவில்லை.

"சங்கிலியைத் தேர்ந்தெடுத்தது யாருங்க ஐயா?"

"நான். எட்டு மில்லி தடிமன், அறுபது மீட்டர் நீளம். ஒவ்வொரு கண்ணியையும் கையால தடவிப் பார்த்துத்தான் ஏத்தினேன்."

"நேத்து எவ்வளவு இறக்கினீங்க?"

"எட்டு மீட்டர் ஆழம். ஆழத்தைப் போல அஞ்சு மடங்கு சங்கிலி இறக்கணும். நாற்பதாவது மீட்டர்ல சிவப்பு அடையாளம் வந்ததும் நிறுத்திப் பூட்டினோம். மிச்சம் இருபது படகோட முன்பக்கச் சங்கிலிக் குழிக்குள்ளயே இருந்தது. ஐம்பதாவது மீட்டர்ல மஞ்சள் அடையாளம் அழிஞ்சு போயிருந்தது. நேத்து காலையிலதான் புதுசா பெயிண்ட் பூசினேன். காயக்கூட இல்லை."

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார். இன்ஸ்பெக்டர் எதையும் கவனித்ததாகத் தெரியவில்லை.

"கரைக்கு எப்படிப் போனீங்க?"

ஊசிக்காரர் பதில் சொன்னார். "தோணியில ரெண்டு நடை அம்மா. முதல்ல கடைக்கார அண்ணனையும் பாப்பாவையும் கொண்டுபோய் விட்டேன். ரெண்டரைக்குத் திரும்பி வந்து தம்பிக்காகப் பத்து நிமிஷம் காத்திருந்தேன். அவர் பை கட்டுற அழகுக்கு ஒரு கப்பலே கட்டிடலாம். நான் தோணியை விட்டு ஏறவே இல்லை. தம்பி இறங்கும்போது தடுமாறினார். நான் மட்டும் பிடிக்கலேன்னா நேரா தண்ணிதான்."

"நீங்க அப்ப எங்க இருந்தீங்க?" என்று மகனைக் கேட்டார் இன்ஸ்பெக்டர்.

"கீழே அறையில. மச்சான் தூங்கிட்டிருந்தார்."

"உங்களுக்கும் அவருக்கும் பேச்சில்லையாமே?"

"ஒரு மாசமா இல்லை. கடையை யார் பார்த்துக்கிறதுன்னு சண்டை. ஒரு வார்த்தை பேசியிருக்கலாம்."

கடைக்காரரின் கை இழுப்பறையை இன்னும் இறுக்கி அழுத்தியது.

"படகுல விலை உள்ள பொருள் ஏதாவது இருந்ததாம்மா?"

மகள் முதல்முறையாக வாய் திறந்தாள். "ஒண்ணுமில்லை. கிழிஞ்ச பாய்த் துணி ஒரு துண்டு. போன மாசம் கவிழ்ந்த படகோடது. தையல் நூல் மக்கியிருக்குன்னு இன்னைக்குத் துறைமுக ஆபீஸ்ல காட்டணும்னு அவர் வச்சிருந்தார்."

11.05. கடலடியில் தேடிய முக்குளிப்பவர் ஈரத்தோடு வாசலில் வந்து நின்றார்.

"சங்கிலி முழுசா இருக்கு மேடம். அறுபது மீட்டரும். நங்கூரம் மண்ணைக் கவ்விப் பிடிச்சபடியே இருக்கு. சிவப்பு வரைக்கும் கோடு போட்ட மாதிரி கிடக்கு, அப்புறம் ஒரே இடத்துல குவியல். கடைசிக் கண்ணியில ஒரு சாண் கயிறு, கத்தியால அறுத்த மாதிரி சுத்தமா இருக்கு."

"கயிறா? இரும்பு இல்லையா?"

"எங்க கடை வழக்கம்," என்றார் கடைக்காரர். "கடைசி முனையைப் படகோட கயிறு போட்டுத்தான் கட்டுவோம். ஆபத்துன்னா ஒரே வெட்டுல சங்கிலியை விட்டுட்டுத் தப்பிக்கலாம்."

ஊசிக்காரர் பெருமூச்சு விட்டார். "அப்போ மாப்பிள்ளைதான் வெட்டியிருக்கார். காத்துல எழுந்து பயந்துபோய், பாவம்."

இன்ஸ்பெக்டர் தலையசைத்தார். குறிப்பேட்டை மூடப் போனார்.

குவியல் என்ற சொல்லுக்கு என்ன பொருள் என்று அந்த அறையில் கடைக்காரர் ஒருவருக்குத்தான் தெரியும். வாயை மூடிக்கொண்டால் போதும். சங்கிலி தப்பியது, மகனும் தப்புவான். செத்தவர் மட்டும் காலமெல்லாம் கோழை என்று பெயர் சுமப்பார். மகள் அதைக் கேட்டுக்கொண்டே வாழ்வாள்.

கடைக்காரர் எழுந்தார்.

"மாப்பிள்ளை வெட்டலை."

"எப்படிச் சொல்றீங்க?"

"காத்து அடிக்கும்போது விட்டிருந்தா படகு இழுத்துக்கிட்டே போயிருக்கும். அறுபது மீட்டரும் நேரா கிடக்கும். குவிஞ்சு கிடந்தா, படகு அசையாம நிக்கும்போது யாரோ சத்தம் வராம கையால இறக்கியிருக்காங்க. காத்து இல்லாத நேரம் ரெண்டரையிலிருந்து மூணு வரைக்கும்தான். அந்தக் கைக்குள்ள ஐம்பதாவது மீட்டர் மஞ்சளும் போயிருக்கும்." இழுப்பறையைத் திறந்து சட்டையை மேஜைமேல் வைத்தார். "இது என் மகனோடது. என் வீட்டுத் தப்பை நான் மூடி வைக்க மாட்டேன்."

மகன் சுவரில் சாய்ந்தான்.

இன்ஸ்பெக்டர் சட்டையை மெதுவாக விரித்தார். முன்பக்கம் சுத்தம். கைகள் சுத்தம். திருப்பிப் போட்டார். முதுகின் நடுவில், இரண்டு தோள்பட்டைகளுக்கும் இடையே, மஞ்சளாக ஒரு உள்ளங்கையும் நான்கு விரல்களும், விரல்கள் மேல்நோக்கி.

"தன் முதுகுல இப்படிக் கை வைக்க யாராலயும் முடியாது ஐயா," என்றார். பிறகு திரும்பினார். "தம்பியைப் பிடிச்சது நான்தான்னு நீங்களே சொன்னீங்க, ஊசிக்காரரே. தோணியை விட்டு ஏறவே இல்லைன்னும் சொன்னீங்க. குழிக்குள்ள இருந்த மஞ்சள் உங்க கைக்கு எப்படி வந்தது?"

ஊசிக்காரர் தன் கையைப் பார்த்தார். தேய்த்துத் தேய்த்துச் சிவந்திருந்த கை அது.

"கவிழ்ந்த படகோட பாயைத் தைச்சது நீங்க. மக்கிப்போன நூல்ல தைச்சிருக்கீங்க. அந்தத் துண்டு இன்னைக்கு ஆபீஸுக்கு வந்திருந்தா உங்க கதை முடிஞ்சிருக்கும். தம்பி கீழே இருந்த பத்து நிமிஷம் உங்களுக்குப் போதுமா இருந்தது."

"துணி போனாப் போதும்னு நினைச்சேன் அம்மா," என்றார் ஊசிக்காரர். "ஆளு முழிச்சு நீந்திடுவார்னு..."

"தூங்குற மாத்திரையை உங்க பையிலிருந்து எடுத்து அவருக்குக் கொடுத்தது நீங்க," என்றாள் மகள்.

11.40 மணிக்கு ஊசிக்காரரை அழைத்துப் போனார்கள், சட்டையும் கூடவே போனது.

கடையில் மூவர் மிஞ்சினார்கள். மகன் திறந்து கிடந்த இழுப்பறையைப் பார்த்தான்.

"நான்தான்னு நினைச்சீங்களாப்பா?"

கடைக்காரருக்குப் பொய் பழக்கமில்லை. "நினைச்சேன்."

மகன் அந்த இழுப்பறையை மூடிவிட்டு வெளியே போனான். மகள் எழுந்து வந்து அப்பாவின் பக்கத்தில் நின்றாள்.

சங்கிலி அறுந்துதான் மருமகன் செத்தார் என்று துறைமுகத்தில் இன்றும் சிலர் சொல்கிறார்கள். சங்கிலி அறவில்லை. அறுபது மீட்டரில் ஒரு கண்ணிகூட அறவில்லை.