நர்கிஸாபாத்தின் அடுப்புப் புகை

ஆற்றின் மேல் நிலவு எழுந்து, கோட்டை மதிலின் நிழலை நீரில் நெளியவிட்ட அந்த அந்தி வேளையில், என் கணவர் பர்ருக் அடுப்பிலிருந்து எடுத்த ரொட்டியைச் சூடு ஆறும்முன் பிய்த்து விரலைச் சுட்டுக்கொண்டார்.

"ஸஃபியா, காயல்பட்டினத்து உப்பளம் முழுவதையும் இந்த மாவில் கொட்டிவிட்டாயா?"

"இவ்வளவு குறை சொல்பவருக்கு மூன்றாவது ரொட்டி எதற்கு?"

சிரித்தபடியே அதையும் கச்சையில் செருகிக்கொண்டு, காவற்படையை நடத்தி ஆற்றுத்துறைக்குப் போனார். அன்றிரவு கொள்ளையரின் குதிரைகள் ஆற்றைக் கடந்தன. எங்கள் வீரர்கள் அவர்களை விரட்டிவிட்டார்கள். ஆனால் என் கணவரும், அவர் தங்கை குலந்தாமின் கணவரும், இன்னும் சிலரும் பிறர் தோளில் சுமக்கப்பட்டே கோட்டைக்குத் திரும்பினார்கள்.

வாசகர்களே, பாரசீகம் பேசும் அந்தச் சிறு நகரத்தை நீங்கள் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். காயல்பட்டினத்துக் குதிரை வணிகரின் மகளான நான் அங்கே வாழ்க்கைப்பட்டிராவிட்டால் நானும் கேள்விப்பட்டிருக்க மாட்டேன். அந்நாட்டுச் சட்டப்படி ஆயிரம் அடுப்பு எரிந்தால் அது நகரம். தனக்கென ஆளுநரும் நீதிபதியும் காவற்படையும் உண்டு. ஒன்று குறைந்தாலும் அது வெறும் பட்டி. படை மலைக்கு அப்பாலுள்ள பெரிய நகரத்துக்குப் போய்விடும். ஆண்டுக்கொரு முறை அரசரின் அதிகாரி வந்து, அந்தியில் எழும் புகையைக் கோபுரத்திலிருந்து பார்த்து வீடுகளை எண்ணுவார். அந்த நாள் யாருக்காகவும் தள்ளிப்போகாது. எங்கள் வீரர்களை அடக்கம் செய்த மறுநாளே அது வந்தது.

துக்க வீட்டில் மூன்று நாள் அடுப்பு மூட்டக் கூடாது என்பது அவ்வூர் வழக்கம். சென்ற ஆண்டே மயிரிழையில் தப்பிய ஊர் அது. இறந்தவர் வீடுகளில் புகை எழாவிட்டால் இந்த ஆண்டு தப்ப வழியில்லை.

கணவரை இழந்த பெண்கள் எல்லோரும் என் வீட்டில் கூடியிருந்தார்கள். என்னால் உட்கார முடியவில்லை. முற்றத்துக்கும் வாயிலுக்குமாக நடந்தேன், சாளரத்தைத் திறந்தேன், மூடினேன். கடைசியில் விறகை எடுத்தேன். குலந்தாம் என் மணிக்கட்டைப் பற்றினாள்.

"அண்ணி! என் அண்ணன் மேல் போட்ட மண் இன்னும் காயவில்லை."

"அந்த மண்ணைக் காக்கப் படை வேண்டாமா? கொள்ளையர் மறுபடி வந்தால் யார் தடுப்பது?"

"உங்களுக்கென்ன! பருவக்காற்று திரும்பும்முன் தந்தையின் மரக்கலத்தில் ஏறிவிடுவீர்கள். இது நகரமானால் என்ன, பட்டியானால் என்ன? துக்கம் கெடுத்த பழி மட்டும் எங்கள் தலையில்."

தந்தையின் ஆட்கள் நேற்றே மரக்கலத்தில் எனக்கு இடம் ஒதுக்கிவிட்டது உண்மைதான். கையை விடுவித்துக்கொண்டு அடுப்பை மூட்டினேன்.

கோபுரத்தை நோக்கி வந்துகொண்டிருந்த அதிகாரி காவூஸ், என் வாயிலில் குதிரையை நிறுத்தினார்.

"கறுப்புத் துணி தொங்கும் வீட்டில் புகையா, அம்மணி? ஊரார் என்னை ஏமாற்றப் பார்க்கிறார்களோ?"

"இருப்பவரை எண்ணத்தானே வந்தீர், ஐயா? நான் இருக்கிறேன்."

"இன்று இருக்கிறீர். உமக்காகக் கப்பல் காத்திருப்பதை அங்காடியில் சிரித்துச் சிரித்துச் சொன்னார்கள். போகிறவருடைய அடுப்பு கணக்கில் சேராது. இங்கேயே குடியிருப்பதாக ஆணையிடுவீரா?"

காயல் கரையில் மரக்கலத்தை எதிர்பார்த்து நிற்கும் தந்தை கண்முன் வந்தார்.

"என் கணவர் உறங்கும் மண்மீது ஆணை. எனக்கு உயிருள்ளவரை இந்த அடுப்பு எரியும். நான் காயலுக்குத் திரும்பேன்."

குலந்தாம் எழுந்தாள். என் அடுப்பிலிருந்து எரியும் கொள்ளி ஒன்றை உருவிக்கொண்டு அதிகாரியின் குதிரையைத் தாண்டி நடந்தாள்.

"வழிவிடும், ஐயா. சீக்கிரம் கோபுரம் ஏறும். இருட்டிவிட்டால் என் வீட்டுப் புகை உமக்குத் தெரியாது."

மற்றப் பெண்களும் ஆளுக்கொரு கொள்ளியோடு அவள் பின்னே போனார்கள்.

மரக்கலம் நான் இல்லாமலே புறப்பட்டது. தந்தையை நான் பிறகு காணவே இல்லை. இப்போது குலந்தாமும் இல்லை. நர்கிஸாபாத்தின் வடக்கு வாயிலை இன்றும் அந்தியில் எங்கள் ஊர்க் காவற்படையினரே சாத்துகிறார்கள்.