நாற்காலியின் சூடு

நாற்காலி சூடாக இருந்தது.

அருமைநாதன் உட்கார்ந்த வேகத்தில் எழுந்துவிட்டார். காலை ஆறு மணிக்கு அவரும் மாக்கிரட்டும் ஒன்றாகத்தான் வீட்டைப் பூட்டிக்கொண்டு போனார்கள். அவர் மொன்றியலின் சென்ட் லோரன்டில் உள்ள மருந்துக் களஞ்சியத்துக்கு, மனைவி கார்டரி எனும் காப்பகத்தில் பிள்ளைகளைப் பார்க்கும் வேலைக்கு. இப்போது பிற்பகல் நாலு மணி. சமையலறை மேசையைச் சுற்றியிருந்த மற்ற மூன்று நாற்காலிகளையும் தொட்டுப் பார்த்தார். குளிர்ந்திருந்தன. ஹீட்டர் எதிர்ச் சுவரில் இருந்தது. இந்த ஒன்றில் மட்டும், யாரோ வெகுநேரம் இருந்துவிட்டு இப்போதுதான் எழும்பிப் போனது போன்ற சூடு.

வாசலுக்குப் போய்ப் பார்த்தார். பூட்டு சரியாக இருந்தது. படியில் விழுந்திருந்த பனியில் அவருடைய சப்பாத்துத் தடங்கள் மட்டும், உள்ளே வந்தபடி.

மேசையில் கோப்பு கிடந்தது. வைத்த இடத்தில்தான் கிடந்தது. ஒரு விரல் தள்ளி இருக்கிறதோ?

மூன்று ஞாயிற்றுக்கிழமைகளுக்கு முன், பூசை முடிந்து மாதா கோயில் மண்டபத்தில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது, அல்பேட்டின் தங்கை யோசெப்பின் அதை அவர் கையில் தந்தாள்.

"பெர்லினில இருந்து வந்திருக்கு அண்ணை. நூற்றி நாப்பது பக்கம். எங்கட கோயிலில ஜேர்மன் தெரிஞ்ச ஆள் நீங்கள் ஒருத்தர்தானே. அல்பேட் அண்ணாவோட ஒரே அறையில இருந்தனீங்கள் வேற."

வாங்காமல் இருக்க ஒரு காரணமும் அவருக்கு அகப்படவில்லை.

எண்பத்துநாலில் கிழக்கு ஜேர்மனி சகோதர நாட்டு மாணவர்களுக்கென்று புலமைப்பரிசில் கொடுத்தது. மன்னாரிலிருந்து அல்பேட்டும் யாழ்ப்பாணத்திலிருந்து அருமைநாதனும் லைப்சிக் நகரத்து விடுதி ஒன்றில் ஒரே அறைக்கு வந்து சேர்ந்தார்கள். அல்பேட் கவிதை எழுதுவான். தோடம்பழத்துக்கு வரிசையில் நிற்கிறவர்களைப் பற்றி, வரிசை ஏன் என்று தெரியாமலே அதில் வந்து சேர்கிறவர்களைப் பற்றி. எண்பத்தேழு பெப்ரவரியில், அரசுக்கு எதிரான எழுத்து என்று சொல்லி அவனை விமானத்தில் ஏற்றினார்கள். கொழும்பில் இறங்கினான் என்பது வரை தெரியும். அதற்குப் பிறகு அவனைக் கண்டவர் இல்லை. கவிதைக் கொப்பியும் அவனோடு போனது.

இரகசியப் பொலிசின் கோப்பில் மட்டும் அந்தக் கவிதைகள் மிஞ்சியிருந்தன, ஜேர்மனில். 'பெர்க்' என்ற மறைபெயருடைய உளவாளி ஒவ்வொரு வியாழனும் ஒரு கவிதையை மொழிபெயர்த்துக் கொடுத்திருந்தான். அடியில் தன் விளக்கம்: 'தோடம்பழ வரிசை என்பது கட்சியை ஏளனம் செய்கிறது.'

"காட்டிக்குடுத்தவன்தான் என்ர அண்ணாவின்ர கவிதையளையும் காப்பாத்தி வைச்சிருக்கிறான். கூத்தைப் பாத்தியளே?" என்றாள் யோசெப்பின். "அதுகளைத் திரும்பத் தமிழுக்குக் கொண்டுவந்து தாங்கோ. பெப்ரவரி நினைவுப் பூசைக்குச் சின்னப் புத்தகமா அடிப்பம். அந்த பெர்க் ஆரெண்டு கேட்டு வேற கடிதமும் போட்டிருக்கிறன். பேர் குடுப்பினமாம்."

பெர்க் அருமைநாதன்தான்.

நாடு எரிந்துகொண்டிருந்தது; எழுதிக் கொடுத்தால்தான் விசா நீடிக்கும், இல்லாவிட்டால் அங்கேதான் திரும்ப வேண்டும் என்று விடுதி அலுவலகத்தில் சொன்னார்கள். பதினேழு ஆண்டுகளாகத் தனக்கே சொல்லிக்கொண்ட பதில் அது. மாக்கிரட்டுக்கு ஒருநாளும் சொன்னதில்லை.

கவிதைகளை அவர் ஒழுங்காகவே தமிழாக்கினார். ஆக்கினார் என்றும் சொல்ல முடியாது. ஜேர்மன் வரியைப் பார்த்ததும் அல்பேட்டின் சொந்தச் சொற்கள் அவன் குரலிலேயே வந்து நின்றன. பெர்க்கின் விளக்கங்களை மட்டும் விட்டுவிட்டார். போன ஞாயிறு யோசெப்பின் சிரித்துக்கொண்டே கேட்டாள்:

"நாப்பத்தி மூண்டாம் பக்கத்தில ஜேர்மன்காரன் பதினொரு வரி எழுதியிருக்கிறான் அண்ணை. நீங்கள் ஏழிலயே முடிச்சிட்டியள். அவ்வளவு கஞ்சத்தனமோ?"

"அது... முத்திரை, இலக்கம், அப்பிடியான விசயங்கள்."

"ஓம், ஓம். நான் சும்மா கேட்டனான்."

சும்மாவா? மொழி தெரியாதவள் வரிகளை எதற்கு எண்ணுகிறாள்? அவளிடம் வேறொரு மொழிபெயர்ப்பு இருக்குமோ? எந்த வரிகளை விடுகிறேன் என்று பார்க்கத்தான் கோப்பை என்னிடம் தந்தாளோ? அன்று முழுவதும் மாக்கிரட் ஏன் அதிகம் கதைக்கவில்லை? வீட்டுப் பூட்டின் திறப்பு இன்னொன்று யாரிடம் இருக்கிறது? ஆட்களை இப்படிப் பார்க்க அவருக்கு லைப்சிக்கில் பழக்கினார்கள். அந்தப் பழக்கம் பெர்லின் சுவர் விழுந்த பிறகும் விழவில்லை.

வெளியே இருட்டத் தொடங்கியிருந்தது. பனி அள்ளும் வண்டி ஒன்று தெருமுனையில் கூவியது. அவர் விளக்கைப் போட்டு, நின்றபடியே நாற்பத்துநாலாம் பக்கத்தைத் திருப்பினார்.

கவிதை இல்லை. மண மாதிரி எடுத்ததற்கான குறிப்பு. நாய்களுக்கு மோப்பம் காட்ட, சந்தேக நபர்களின் உடல் மணத்தைப் போத்தலில் அடைத்து வைப்பது அவர்களின் வேலைமுறைகளில் ஒன்று. 'மஞ்சள் துடைதுணி, இருக்கையின் உறைக்குக் கீழே. நபர் குறைந்தது முப்பது நிமிடம் அமர்ந்திருக்க வேண்டும். துணியைக் கையால் தொடாமல் இடுக்கியால் எடுத்துப் போத்தலில் இட்டு மூடவும். போத்தல் இலக்கம் 47. எடுத்தவர்: பெர்க்.'

நினைவிருந்தது. அல்பேட் அன்று வீட்டுக்குக் கடிதம் எழுதிக்கொண்டு விடுதி அறை நாற்காலியில் ஒரு மணி நேரம் இருந்தான். "என்னடா மச்சான், என்னையே பாத்துக்கொண்டிருக்கிறாய்?" என்று கேட்டான். போத்தலின் ரப்பர் வளையம் புதியது. கம்பிக் கொளுக்கி டக்கென்று பூட்டியது. பெயர் எழுதி ஒட்டியதும் இவர்தான்.

அப்போதுதான் மணம் வந்தது.

முதலில் மெல்லிதாக. நனைந்த கம்பளிக் கோட்டு, அதற்குள் தேங்காயெண்ணெய், அதற்கும் அடியில் லைப்சிக்கின் மாரிகாலம் முழுவதும் தொண்டையில் படிந்துகிடந்த பழுப்பு நிலக்கரிப் புகை. மொன்றியலில் எவரும் எரிக்காத கரி. ஹீட்டரை முகர்ந்தார். தொட்டியை முகர்ந்தார். நாற்காலிக்குக் குனிந்தவர் பாதியில் நிமிர்ந்தார்.

தொலைபேசி அடித்தது. எடுக்கவில்லை. பதிவுக் கருவியில் யோசெப்பினின் குரல்.

"அண்ணை, மற்றக் கடிதம் வந்திட்டுது. பேரோட. நான் இன்னும் பிரிக்கேல்ல, தனியப் பிரிக்க மனமில்ல. மாக்கிரட் அக்காவையும் கார்டரியில ஏத்திக்கொண்டு அஞ்சரைக்கு வாறன். உங்கட வீட்டில வைச்சுப் பிரிப்பம். நீங்களே வாசிச்சுச் சொல்லுங்கோ, என்ன?"

மணி நாலு ஐம்பத்தைந்து.

நாற்பத்துநாலாம் பக்கத்தைக் கிழித்தார். மடித்துச் சட்டைப்பைக்குள் திணித்தார். போய்விடலாம். பஸ் பிடித்து எங்காவது. சப்பாத்தைப் போடவென்று கை பின்னால் எதையோ தேடிப் பிடித்தது, பாராமலே உட்கார்ந்தார்.

சூடு.

தொடைக்குக் கீழே மெத்தென்று ஏதோ. மடிப்பில்லாமல் விரிக்கப்பட்டது. குனிந்து பார்த்தார். உறையின் ஓரத்தில் ஒரு மஞ்சள் விளிம்பு.

எழ முயன்றார். கால்கள் கேட்கவில்லை. மேசையைப் பிடித்துத் தள்ளினார். மேசைதான் நகர்ந்தது.

கரிப்புகை இப்போது பிடரிக்கு நேர் பின்னால். யாரோ அவசரமில்லாமல் மூச்சு விட்டார்கள். திரும்ப முடியவில்லை.

சுவரில் கடிகாரம். ஐந்து பத்து.

"அல்பேட்," என்றார். "மச்சான்."

காத்திருக்கிறவன் கதைப்பதில்லை. அவருக்குத் தெரியும். அவரும் அன்று கதைக்கவில்லை.

ஐந்து இருபது.

பீங்கான் தட்டில் இடுக்கி வைக்கப்படும் ஒலி. சின்ன ஒலி.

ஐந்து இருபத்தைந்து.

இடுக்கி தூக்கியது.

பிறகு ரப்பர் வளையம். கம்பி. டக்.

குளிர்சாதனப் பெட்டியின் இரைச்சல் தூரப் போயிற்று. தெருவும் தூரப் போயிற்று. கதவு திறந்தது, தண்ணீருக்கு அடியில் திறப்பது போல. மாக்கிரட்டின் குரல், எங்கோ.

"இஞ்சேருங்கோ? எங்க நிக்கிறியள்?"

சப்பாத்து ஒலிகள். நாற்காலி இழுபட்டது.

"இந்தா யோசெப்பின், தொட்டுப் பார். சூடா இருக்கு. இப்பதான் எழும்பிப் போயிருக்கிறார்."

"மேசையில இதென்ன அக்கா, ஊறுகாயோ?"

அவர் கத்தினார். கத்தியது அவருடைய காதுக்கே வந்து அடித்தது.

யோசெப்பினின் முகம் பெரிதாக, வளைந்து, கண்ணாடிக்கு அப்பால் குனிந்தது. அவள் உதடுகள் அசைந்து, போத்தலில் ஒட்டியிருந்த அவருடைய பெயரை மெதுவாக எழுத்துக்கூட்டின. கைப்பையிலிருந்து கடிதத்தை எடுத்தாள். பிரித்தாள். வாசித்தாள். மறுபடி போத்தலைப் பார்த்தாள். மறுபடி கடிதத்தை.



பிறகு கட்டைவிரலைக் கம்பிக் கொளுக்கியின் மேல் வைத்து, இன்னும் ஒரு முறை, இறுக்கி அழுத்தினாள்.